கூட்டல் மலிவு, கட்டளைதான் விலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தாளின் அறிவியல் பக்கத்தில் இணைச் செயலிகளைப் பற்றி வந்த விளக்கத்தைப் படித்தோம். இப்படியொரு விஷயத்தைத் தமிழில் தொட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் "கோர்களை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும்" (கோர் என்பது செயலிக்குள் தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதி) என்று அதில் இருந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. போர்ட் லூயிஸ் கடைகளில் மடிக்கணினி விற்பவர்கள் சொன்னால் பரவாயில்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சாகியிருப்பது கோர்களின் எண்ணிக்கைதான். மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளும், நாளைக்கு எபென் சைபர் சிட்டியின் கணினி நிறுவனங்களில் வேலைக்குச் சேரப் போகிறவர்களும் இதையே நம்பிக்கொண்டு போனால்தான் சிக்கல்.

நிரலில் பிரித்துக் கொடுக்கவே முடியாத பகுதி ஒன்று எப்போதும் இருக்கும், அதனால் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு என்று ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, இங்கே திரும்பச் சொல்லவில்லை. நாங்கள் சொல்ல வந்தது வேறு. எந்தக் கட்டளை, எப்போது, எந்தக் கணக்குப் பிரிவுக்கு (கூட்டல், பெருக்கல் போன்றவற்றைச் செய்யும் சுற்று) போக வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை இருக்கிறதே, செயலியின் இடமும் மின்சாரமும் வடிவமைப்பவரின் தூக்கமும் போவது அதில்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் வெளியிட்ட பட்டியல் இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். 45 நானோமீட்டர் சில்லில் 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட 0.1 பிக்கோ ஜூல் (ஆற்றலின் மிகச் சிறிய அளவு) போதும். அதே கூட்டலைச் சாதாரணச் செயலி ஒன்று ஒரு கட்டளையாக நிறைவேற்றினால் மொத்தம் சுமார் 70 பிக்கோ ஜூல் ஆகிறது. கட்டளையைக் கேஷிலிருந்து (செயலியின் பக்கத்திலேயே உள்ள சிறு வேக நினைவகம்) எடுக்க 25, பதிவகங்களை (கணக்குக்கான எண்களைக் கையருகே வைக்கும் இடங்கள்) தொட 6, மீதி முழுக்கக் கட்டுப்பாடு. பத்து ரூபாய் தால்பூரியை வாங்க ஏழாயிரம் ரூபாய்க்கு டாக்சி பிடித்துப் போவது போலத்தான். இந்த நிலையில் கூட்டும் பிரிவை இன்னும் நூறு சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன? டாக்சிக் கூலியை எப்படிக் குறைப்பது, அல்லது ஒரே டாக்சியில் எத்தனை பேரை ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வழி பார்க்க எளிது. ஒரு கட்டளையை ஒருமுறை எடுத்து, ஒருமுறை பிரித்துப் படித்து, 32 தடங்களுக்கு (ஒரே கட்டளையை வெவ்வேறு எண்களில் ஓட்டும் கணக்குப் பிரிவுகள்) சேர்த்து ஏவினால், அந்த 70-இல் தடம் ஒன்றுக்கு 2.2 பிக்கோ ஜூல்தான் விழும். கிராஃபிக்ஸ் செயலிகள் மொத்தமும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் 32 தடங்களும் ஒரே வழியில் போக வேண்டுமே! அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறோம். முதலில் தனிக் கோர் ஒன்றுக்குள் நடப்பது.

பைப்லைனுக்கு, அதாவது கட்டளைகளைப் படிப்படியாக ஒன்றன் பின் ஒன்றாக ஓடவிடும் அமைப்புக்கு, நம் ஊரில் உவமை தேடி அலைய வேண்டியதில்லை. கரும்பு ஆலையில் உருளைத் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. முதல் தொகுதி பிழிந்த சக்கை அடுத்ததற்குப் போகும்போதே முதலாவதில் புதுக் கரும்பு விழுகிறது. ஒரு கட்டுக் கரும்பு கடைசி வரை போய்ச் சேர எவ்வளவு நேரமானாலும், ஆலை நிமிடத்துக்கு எவ்வளவு அரைக்கிறது என்பது அதனால் குறையாது. செயலியிலும் அப்படியே: கட்டளையை எடுப்பது, பிரித்துப் படிப்பது, பதிவகங்களைப் படிப்பது, கணக்கிடுவது, விடையை எழுதுவது. இந்த உவமை இதற்கு மேல் உதவாது. காரணம், கரும்புக்குக் கிளைக் கட்டளை கிடையாது. "இந்தக் கட்டு இனிப்பாக இருந்தால் அடுத்து அந்தத் தோட்டத்துக் கரும்பு, இல்லாவிட்டால் இந்தத் தோட்டத்துக் கரும்பு" என்று ஆலை கேட்பதில்லை. செயலி ஐந்து கட்டளைக்கு ஒருமுறை ஏறக்குறைய அப்படித்தான் கேட்கிறது. விடை தெரிவதற்குள் பின்னால் பைப்லைனின் பத்து, பதினைந்து படிகள் நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே கணித்துத்தான் ஓட்டியாக வேண்டும்.

கணிப்பு தவறினால் என்ன விலை? ஒரு துடிப்புக்கு (செயலியின் கடிகாரத் தட்டு) நான்கு கட்டளை ஏவும் செயலி, தவறினால் 15 துடிப்பு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 கட்டளையில் 20 கிளைகள். கணிப்பு 95 விழுக்காடு சரி என்றால் நூற்றுக்கு ஒரு தவறு. 25 துடிப்பில் முடிய வேண்டியது 40 துடிப்பு ஆகிறது. கணிப்பை 98 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் 31. கணக்குப் பிரிவு எதையும் தொடாமலே வேகம் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதே செயலியை நான்கிலிருந்து எட்டு கட்டளைக்கு அகலப்படுத்தி, கணிப்பை 95-லேயே விட்டுவைத்தால்? 12.5 துடிப்போடு 15 சேர்ந்து 27.5. அகலத்தை இரட்டித்தும் 40 என்பது இருபதாகவில்லை. அந்த 27.5-இல் பாதிக்கு மேல் தவறான வழியில் போய்த் திரும்பியதில் கழிந்திருக்கிறது. எந்த மேம்பாட்டைக் கையில் எடுத்தாலும் அடுத்த தடை கிளைக் கணிப்பாகவே இருப்பது இதனால்தான்.

கணிப்பில் மிகச் சின்ன மாற்றம்கூட எவ்வளவு தரும் என்பதற்கு 1981-ல் ஜேம்ஸ் ஸ்மித் விளக்கிய இரண்டு பிட் எண்ணி (கவுண்டர்) நல்ல சான்று. பத்துமுறை சுழலும் ஒரு சுழற்சியை (லூப்) எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரு பிட்டில் வைத்தால், வெளியேறும்போது ஒருமுறை தவறும். அடுத்த தடவை சுழற்சிக்குள் நுழையும்போது இன்னொரு முறை தவறும். இரண்டு பிட் வைத்து, இரண்டு முறை தொடர்ந்து பொய்த்தால் மட்டுமே மனம் மாற்றிக்கொள் என்றால் அந்த இரண்டாவது தவறு போய்விடுகிறது. பத்துக்கு இரண்டு என்பது பத்துக்கு ஒன்றாகிறது, கூடுதல் செலவு ஒரு பிட். பின்னால் வந்த கணிப்பிகள் பழைய கிளைகளின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்து இதைவிடப் பல மடங்கு நுட்பமாகிவிட்டன. கணிப்பை நம்பி முன்கூட்டியே ஓடும் கட்டளைகள் கேஷில் சுவடு விட்டுப் போகின்றன, அதை வைத்து ரகசியத்தைப் படிக்கலாம் என்று 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது தெரிந்ததும் இதே கதையின் இன்னொரு பக்கம். அது தனிக் கடிதத்துக்கு உரியது.

அடுத்து, காத்திருக்கும் கட்டளையைத் தாண்டிப் பின்னால் இருப்பதை முன்னே விடுவது. இது புதிதல்ல. 1964-ல் வந்த சி.டி.சி. 6600 கணினியில் பத்துக் கணக்குப் பிரிவுகள் இருந்தன. எந்தப் பிரிவு எந்தப் பதிவகத்துக்கு எழுதப் போகிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஸ்கோர்போர்டு என்ற ஒரே பலகை கண்காணித்தது. அதன் குறை, இரண்டு கட்டளைகள் ஒரே பதிவகத்துக்கு எழுத வந்தால் இரண்டாவது கட்டளை ஏவப்படாமல் அப்படியே நின்றுவிடும். உண்மையில் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை, பெயர்தான் ஒன்று. ஐ.பி.எம். 360/91 கணினிக்காக ராபர்ட் டொமாசுலோ 1967-ல் வெளியிட்ட முறை அந்தப் பெயர்ச் சிக்கலைத் தீர்த்தது. விடை எந்தப் பதிவகத்தில் இருக்கும் என்று கேட்காமல், அதை யார் தயாரிக்கிறார்கள் என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. விடை வந்ததும் சீட்டு எண்ணோடு சேர்த்துப் பொதுவாக ஒலிபரப்பப்படும். தன் சீட்டு எண்ணைக் கேட்டவர் எடுத்துக்கொள்வார்.

அந்த ஒலிபரப்பில்தான் வில்லங்கம். காத்திருக்கும் இடங்கள் 64, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உள்ளீடு, துடிப்புக்கு நான்கு விடைகள் வருகின்றன என்றால் ஒவ்வொரு துடிப்பிலும் 64 பெருக்கல் 2 பெருக்கல் 4, ஆக 512 ஒப்பீடுகள். அகலத்தை எட்டாக்கினால், அதற்கு ஈடுகொடுக்கக் காத்திருக்கும் இடத்தையும் 128 ஆக்க வேண்டும், ஒப்பீடுகள் 2048. அகலம் இரு மடங்கு, செலவு நான்கு மடங்கு. ஒரே துடிப்பில் சேர்ந்து வரும் கட்டளைகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவும் இதே நிலைமை: நான்கு கட்டளைக்கு 12 ஒப்பீடு, எட்டுக்கு 56. இந்த வேலை முழுவதும் ஒரே துடிப்புக்குள் முடிய வேண்டும். இரண்டு துடிப்புக்கு நீட்டினால், ஒன்றன் விடையை அடுத்தது உடனே பயன்படுத்தும் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துடிப்பை இழக்கும். அகலப்படுத்தியதில் கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இதில் இன்னொரு வினை, வரிசை மாறி முடிந்த கட்டளைகளுக்கு நடுவில் பிழை நேர்ந்தால் செயலி எந்த இடத்தில் நின்றது என்று யாருக்கும் சொல்ல முடியாது. 360/91-இல் அது உண்மையாகவே நடந்தது. எந்தக் கட்டளையால் தடங்கல் வந்தது என்று துல்லியமாகக் காட்ட இயந்திரத்தால் முடியவில்லை. முடிந்த விடைகளை ஒரு வரிசைப் பட்டியலில் நிறுத்தி, நிரலின் வரிசைப்படி மட்டுமே வெளியே விடுவது என்ற தீர்வு 1980-களில்தான் ஒழுங்காக வகுக்கப்பட்டது. மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களில் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான். வரிசைப் பட்டியலை முதல் நாளே வரையுங்கள். பிறகு ஒட்ட முடியாது.

"இவ்வளவு தொல்லை எதற்கு, கட்டளைகளை எப்படிச் சேர்ப்பது என்று கம்பைலரே (நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) முடிவு செய்யட்டுமே" என்ற எண்ணம் இயல்பாக வருவதுதான். 2001-ல் வந்த இட்டேனியம் செயலி அந்த எண்ணத்தின் பெரிய சோதனை. 128 பிட் பொதி. அதற்குள் 41 பிட் கட்டளை மூன்று, எதெது சேர்ந்து ஓடலாம் என்று சொல்லும் ஐந்து பிட் குறிப்பு. வன்பொருள் எளிமையாகிறது, உண்மை. எங்கே தவறியது? ஒரு கட்டளை நினைவகத்திலிருந்து எடுக்கும் மதிப்பு மூன்று துடிப்பில் வருமா முந்நூறு துடிப்பில் வருமா என்பது கேஷைப் பொறுத்தது. கம்பைலர் ஓடும் நேரத்தில் கேஷ் எங்கே இருக்கிறது? மதிப்பு வரத் தாமதமானால் அதைக் கேட்டு நிற்கும் கட்டளையோடு, சம்பந்தமே இல்லாமல் பின்னால் வருகிறவையும் சேர்ந்து நிற்கின்றன. சேர்க்க ஆள் கிடைக்காத பொதிகளில் வெற்றுக் கட்டளை நிரம்பி நிரல் வீங்குகிறது, வீங்கிய நிரல் கட்டளைக் கேஷை நிரப்புகிறது.

எங்கள் கருத்தில் சரியான பங்கீட்டை 2012-ல் என்விடியாவின் கெப்ளர் கிராஃபிக்ஸ் செயலி செய்தது. கூட்டல், பெருக்கல் போன்றவற்றுக்கு எத்தனை துடிப்பு ஆகும் என்பது முன்பே தெரியும். முந்தைய தலைமுறையில் அதற்கும் வன்பொருள் ஓயாமல் சரிபார்த்துக்கொண்டிருந்தது. கெப்ளரில் அந்தச் சரிபார்ப்பை எடுத்துவிட்டு, எத்தனை துடிப்பு பொறுக்க வேண்டும் என்பதைக் கம்பைலர் கட்டளையோடு எழுதித் தர ஏற்பாடு செய்தார்கள். நினைவகத்தைத் தொடும் கட்டளைகளுக்கு மட்டும் வன்பொருள் கண்காணிப்பு நின்றது. நேரம் தெரிந்ததைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளட்டும், தெரியாததை வன்பொருள் பார்க்கட்டும். ஆனால் கம்பைலர் ஒரு துடிப்பு குறைத்து எழுதிவிட்டால் காப்பாற்ற யாரும் இல்லை. பழைய மதிப்பை எடுத்துக்கொண்டு, பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் தவறான விடை வரும்.

இப்போது 32 தடங்களுக்கு வருவோம். ஒரே கட்டுப்பாட்டுப் பிரிவு, பல கணக்குப் பிரிவு என்ற ஏற்பாட்டின் முன்னோடி இல்லியாக் 4 கணினி. ஒவ்வொன்றிலும் 64 கணக்குப் பிரிவாக நான்கு தொகுதிகள், மொத்தம் 256 என்று திட்டமிட்டார்கள். கட்டி முடித்தது ஒரே தொகுதி. அது 1972-ல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போனது. இந்த வழியில் போக வேண்டாத பிரிவு சும்மா இருக்கட்டும் என்று சொல்ல ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பிட் இருந்தது. எந்தத் தடம் ஓட வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லும் இன்றைய மாஸ்க் அதன் பேரப்பிள்ளைதான்.

மாஸ்க் எப்படி நடத்தப்படுகிறது என்பதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் புரியும். எட்டு தடங்கள். 10-வது கட்டளை கிளை: எண் குறை எண்ணாக (பூஜ்யத்துக்குக் கீழே) இருந்தால் 20-க்குப் போ. இல்லாதவர்களுக்கு 11 முதல் 14 வரை. 14 என்பது 24-க்குத் தாவல். குறையானவர்களுக்கு 20 முதல் 23 வரை. எல்லோரும் மீண்டும் சேரும் இடம் 24. முதல் ஐந்து தடங்களில் நிறை எண், கடைசி மூன்றில் குறை எண். கிளை வந்ததும் வன்பொருள் தன் அடுக்கில் (ஸ்டாக், கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் பட்டியல்) மூன்று வேலை செய்கிறது. மேலே இருந்த வரியை "24, மாஸ்க் 11111111" என்று திருத்துகிறது. அதன் மேல் "20, மாஸ்க் 00000111, சேரிடம் 24" என்று வைக்கிறது. அதற்கும் மேல் "11, மாஸ்க் 11111000, சேரிடம் 24". பிறகு எப்போதும் உச்சியில் இருக்கும் வரியை மட்டும் ஓட்டும். 11, 12, 13, 14 ஓடி 24 வந்ததும், அதுதான் சேரிடம் என்று கண்டு அந்த வரியை எடுத்துவிடும். அடுத்து 20 முதல் 23. மீண்டும் 24, மீண்டும் எடுப்பு. இப்போது உச்சியில் எட்டுப் பேரும் 24-இல் நிற்கிறார்கள். பிரிந்திருந்த நேரம் எட்டு அடி. தடங்களின் மொத்த இடம் 64. உருப்படியான வேலை 32. சரிபாதி வீண்.

பாதி போனாலாவது தாங்கலாம். சுழற்சி ஒவ்வொரு தடத்திலும் வேறு வேறு தடவை ஓடும்போதுதான் அடி பலமாக விழும். 32 தடங்களில் 31 பேருக்கு நான்கு சுற்று, ஒரே ஒருவருக்கு நூறு சுற்று என்றால் மொத்த இடம் 3200, வேலை 224. ஏழு விழுக்காடு. தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் ஒருவர் நின்றால் பின்னால் வரிசையே நிற்பது போல. நீளமான வேலைகளை ஒன்றாகவும் குட்டையானவற்றை ஒன்றாகவும் முன்கூட்டியே பிரித்து அடுக்கினால் இதில் பெரும்பகுதி மீளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தடங்களை இடம் மாற்றிச் சேர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் முயன்றிருக்கிறார்கள். அதில் உள்ள முள், ஒரு இழையின் (ஒரு தடத்தில் ஓடும் நிரலோட்டம்) பதிவகங்கள் அதன் தடத்தோடு ஒட்டியிருக்கின்றன என்பது. இழையை மூன்றாம் தடத்திலிருந்து ஏழாம் தடத்துக்கு நகர்த்தினால் பதிவகங்களையும் நகர்த்த வேண்டும், அல்லது எந்தத் தடமும் எந்தப் பதிவகத்தையும் படிக்கும்படி கம்பி இழுக்க வேண்டும். அந்தக் கம்பிக்கு ஆகும் மின்சாரம், மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடலாம்.

அடுக்கு முறையில் இன்னும் மோசமான ஒன்று ஒளிந்திருக்கிறது: நிரல் மெதுவாவதில்லை, நின்றே விடுகிறது. ஒரு பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் குறி), கிடைக்கும் வரை முயன்றுகொண்டிரு, கிடைத்ததும் வேலையை முடித்துப் பூட்டைத் திற. சாதாரணக் கோரில் எந்தத் தவறும் இல்லாத நிரல். இதை 32 இழைகளும் ஒன்றாக ஓட்டினால் ஒருவருக்குப் பூட்டு கிடைக்கும். அவர் சுழற்சியை விட்டு வெளியே வருகிறார். வெளியே என்பதுதான் சேரிடம்! அடுக்கின் விதிப்படி மற்ற 31 பேர் வரும் வரை அவர் அங்கே காத்திருக்க வேண்டும். அந்த 31 பேரோ அவர் பூட்டைத் திறக்கக் காத்துச் சுழல்கிறார்கள். திறக்கும் கட்டளை சேரிடத்துக்கு அப்பால் இருக்கிறது. இது விடியவே விடியாது. பரிகாரம்: வேலையையும் திறப்பையும் சுழற்சிக்கு வெளியே வைக்காதீர்கள். சுழற்சிக்குள்ளேயே "பூட்டு கிடைத்தால்" என்ற கிளையின் உடலுக்குள் வேலை, திறப்பு, "நான் முடித்துவிட்டேன்" என்ற குறி மூன்றையும் வையுங்கள். அப்போது வென்றவர் அதே சுற்றில் திறந்துவிட்டுத்தான் மற்றவர்களோடு சேருவார்.

2017-ல் என்விடியாவின் வோல்டா வந்தபோது ஒவ்வொரு இழைக்கும் தனிப் புரோகிராம் கவுண்டர் (அடுத்து ஓட வேண்டிய கட்டளையைக் காட்டும் எண்) கொடுத்து, பிரிந்தவர்களை மாற்றி மாற்றி ஓட்ட வழி செய்தார்கள். மேலே சொன்ன முட்டுக்கட்டை அதில் வருவதில்லை. ஆனால் ஒரு குழுவின் 32 இழைகளும் எப்போதும் ஒரே அடியில் நடக்கும் என்று நம்பி, ஒத்திசைவுக் கட்டளை போடாமல் எழுதியிருந்த பழைய நிரல்கள் அன்றே பாதுகாப்பை இழந்தன. நம்பிக்கையை நிரலில் எழுதாமல் மனத்தில் வைத்திருந்ததற்கான தண்டனை அது.

ஒரே கட்டளையில் எண்களின் வரிசையையே கணக்கிடும் வெக்டார் செயலிகளைப் பற்றி ஒன்று மட்டும். கட்டளையிலேயே "எட்டு எண்" என்று அகலத்தைப் பதித்துவிட்டால், 1003 எண்கள் வந்தால் 125 சுற்றுக்குப் பிறகு மூன்று மிஞ்சும். அந்த மூன்றுக்கு வால் நிரல் தனியாக எழுத வேண்டும், பிழைகள் குடியிருப்பது அந்த வாலில்தான். ரிஸ்க்-ஃபைவ் (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுதி) என்பதற்கு 2021-ல் இறுதி செய்யப்பட்ட வெக்டார் நீட்டிப்பில் இன்னும் எத்தனை எண் மீதி என்று நிரல் சொல்கிறது, இந்தச் சுற்றில் எத்தனை எடுத்துக்கொள்கிறேன் என்று செயலி பதில் சொல்கிறது. வால் தானாகவே மறைந்துவிடுகிறது. எட்டுப் பதிவகங்களை ஒன்றாகக் கட்டி ஒரே கட்டளையில் ஓட்டவும் அதில் வசதி உண்டு. கட்டளைச் செலவு எட்டில் ஒன்றாகும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் 32 பதிவகத்தை எட்டு எட்டாகக் கட்டினால் கிடைப்பது நான்கு கட்டுகள். மாஸ்க் பூஜ்யமாவது பதிவகத்தில்தான் இருந்தாக வேண்டும் என்பதால் மாஸ்க் போட்ட நிரலில் கைக்கு மிஞ்சுவது மூன்று. நான்காவது மதிப்பு தேவைப்பட்டதும் நினைவகத்துக்குப் போய் வர வேண்டியதுதான். நான்காகக் கட்டுவது பல இடங்களில் எட்டைவிட வேகமாக ஓடக் காரணம் இதுவே.

இதையெல்லாம் இந்தத் தீவில் உட்கார்ந்து செய்து பார்க்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். சில்லுத் தொழிற்சாலை வேண்டாம். பைப்லைனைக் கண்ணால் பார்க்க ரைப்ஸ் என்ற இலவச ரிஸ்க்-ஃபைவ் மென்பொருள் போதும். சொந்தமாக வடிவமைக்க, வடிவமைப்பை ஓட்டிப் பார்க்கும் வெரிலேட்டர், அதைச் சுற்றாக மாற்றும் யோசிஸ் இரண்டும் இலவசம். பலகையாக, உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ஐஸ்-40 வரிசையின் யு.பி.5.கே சில்லு வைத்த சிறு பலகை போதும். அதில் 5280 தர்க்க அலகுகள், 4 கிலோபிட் நினைவகத் துண்டுகள் 30, 16 பிட் பெருக்கிகள் 8 இருக்கின்றன. இதற்குள் நான்கு தடச் செயலி ஒன்று கட்டலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நினைவகத் துண்டு ஒவ்வொன்றும் 256 வரி, 16 பிட் அகலம். 32 பிட் பதிவகத்துக்கு இரண்டு துண்டு, இரண்டு உள்ளீட்டை ஒரே துடிப்பில் படிக்க இரண்டு நகல், நான்கு தடம். மொத்தம் 16 துண்டு. 256 வரிகளில் 32 பதிவகம் கொண்ட எட்டுக் குழுக்களுக்கு (சேர்ந்து ஓடும் நான்கு இழைகள் ஒரு குழு) இடம் இருக்கிறது. இரண்டு குழு போதும் என்று நினைத்து ஆரம்பிப்பவர்கள், மற்ற ஆறும் பதிவகத்தைப் பொறுத்தவரை ஓசியில் கிடைக்கின்றன என்பதைக் கவனிப்பதில்லை. எட்டுக் குழுக்களைத் துடிப்புக்கு ஒன்றாகச் சுற்றி வந்தால், ஒரே குழுவின் அடுத்த கட்டளை எட்டுத் துடிப்பு கழித்துத்தான் வரும். அதற்குள் முந்தையது முடிந்திருக்கும். சார்புச் சரிபார்ப்பும் வேண்டாம், கிளைக் கணிப்பும் வேண்டாம். பெருக்கியில்தான் கை கடிக்கும். 32 பிட் பெருக்கலின் கீழ்ப்பாதிக்கு 16 பிட் பெருக்கி மூன்று வேண்டும், நான்கு தடத்துக்கு 12, இருப்பது 8. இரண்டிரண்டு தடமாக இரண்டு துடிப்பில் முடியுங்கள்.

அடுக்குக்கு எத்தனை வரி? நான்கு தடம் அதிகபட்சம் மூன்றுமுறைதான் பிரிய முடியும், ஒவ்வொரு பிரிவும் இரண்டு வரியைச் சேர்க்கும், தொடக்க வரி ஒன்றோடு ஆக ஏழு வரி போதும். நான்கு பேரும் ஒரே பக்கம் போகும் கிளைக்கும் வரி போட்டால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும். சுழற்சி சுற்றச் சுற்ற அடுக்கு நிரம்பி வழியும். முதல் வடிவமைப்பில் இது கட்டாயம் நடக்கிறது. அடுத்தது, மாஸ்க் அணைந்த தடம் பதிவகத்தில் எழுதாமல் தடுத்துவிட்டு, நினைவகத்தில் எழுதாமல் தடுக்க மறந்துவிடுவது. விடை நூறில் ஒருமுறை தப்பாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள். வேகம் பற்றிப் பேசுமுன் நான்கு எண்ணிகளைப் பொருத்திவிடுங்கள்: கட்டளை வராமல் நின்ற துடிப்பு, நினைவகத்துக்காக நின்ற துடிப்பு, பெருக்கிக்காக நின்ற துடிப்பு, ஓடிய கட்டளைகளில் விழித்திருந்த தடங்களின் கூட்டுத்தொகை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்த விளக்கத்தில் ஒரு பத்தியில் "கட்டளை", இன்னொன்றில் "அறிவுறுத்தல்", மற்றொன்றில் "ஆணை" என்று ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் வந்திருந்தன. பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்துவிட்டு, மற்றதையெல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இவை மூன்றும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்வார்கள். "கட்டளை" போதும். கேஷ், கம்பைலர், மாஸ்க் ஆகியவற்றை அப்படியே விடலாம். அவற்றுக்குப் புதுச்சொல் உருவாக்கி வாசகரைத் தடுக்கி விழச் செய்ய வேண்டாம்.

இடம் இருந்தால் மாணவர் பகுதியில் இந்தக் கணக்கைப் போடுங்கள். எட்டு தடங்கள், 1 முதல் 8 வரை எண். சுழற்சியில் மூன்று கட்டளைகள். ஒன்றாம் தடம் ஒருமுறை, இரண்டாம் தடம் இரண்டுமுறை, எட்டாவது எட்டுமுறை சுற்றும். எட்டையும் ஒரே குழுவாக ஓட்டினால் 24 கட்டளை எடுக்க வேண்டும். 192 இடத்தில் 108 பயன், 56 விழுக்காடு. முதல் நால்வர், அடுத்த நால்வர் என்று இரண்டு குழுவாக்கினால் 12-ம் 24-மாக 36 கட்டளை. 144 இடத்தில் அதே 108, 75 விழுக்காடு. சும்மா நின்ற இடங்களில் 48 மிச்சம், கட்டளை எடுப்பில் 12 கூடுதல். ஆக ஒரு கட்டளையை எடுத்துப் பிரித்துத் தரும் செலவு, சும்மா நிற்கும் நான்கு இடங்களின் செலவைவிடக் குறைவாக இருந்தால்தான் சிறு குழு லாபம். சும்மா நிற்கும் தடத்துக்குக் கடிகாரத் துடிப்பை நிறுத்திவைத்தால் அது மின்சாரம் அதிகம் தின்னாது, சில்லில் இடத்தைத்தான் தின்னும். மின்சாரத்தை மட்டும் பார்த்தால் எது வெல்லும், இடத்தை மட்டும் பார்த்தால் எது வெல்லும் என்று பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
கணினிக் கட்டமைப்பு கற்பிக்கும் வாசகர்கள் இருவர்,
ரோஸ் ஹில்.